‘நாளைக்கு வர்றியா?’

எடை குறைப்பதைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் உணவுப் பட்டியல்தான் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தோம். புதுக்கோட்டை மாவட்ட வாசகர்கள் அதிகம் கேட்டது ‘கூட யார் வருவா?’ என்பதைத்தான். ஆகவே இந்த முறை பதில்கள் எல்லாம் துணையைப் பற்றி.

தை பிறந்தால் எடை குறைப்பேன் என்று வருஷா வருஷம் சபதம் எடுக்கிறேன். காணும் பொங்கலைத் தாண்டுவதில்லை. மன உறுதியை வளர்ப்பது எப்படி?
*இல்லத்தரசி, திருக்கோகர்ணம்*

மன உறுதியை விடுங்கள், ஓர் ஆளைப் பிடியுங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு உங்கள் உறுதி தூங்கிக்கொண்டிருக்கும். வாசலில் வந்து நிற்கும் பக்கத்து வீட்டு அத்தாச்சி தூங்கவிட மாட்டார்.

அமெரிக்க ஆய்வாளர்கள் ரீனா விங்கும் ராபர்ட் ஜெஃப்ரியும் இதை 1999-இல் கணக்காகவே காட்டினார்கள். நான்கு மாத எடைக் குறைப்புப் பயிற்சியில் தனியாக வந்து சேர்ந்து, வழக்கமான முறையில் பயின்றவர்களில் 76 சதவீதம் பேர் முடித்தார்கள். குறைத்த எடையை அடுத்த ஆறு மாதம் முழுமையாகத் தக்கவைத்தவர்கள் 24 சதவீதம். நண்பர்களோடு வந்து, ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளவும் பழக்கப்பட்டவர்களில் 95 சதவீதம் பேர் முடித்தார்கள். 66 சதவீதம் பேர் தக்கவைத்தார்கள். உங்கள் சபதத்தில் குறையில்லை. அதைத் தனியாகச் சுமந்தீர்கள், அவ்வளவுதான்.

துணைக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது? ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவரையா, என்னைப் போலவே இருப்பவரையா?
*கல்லூரி மாணவி, புதுக்கோட்டை*

உருவத்தைப் பார்க்காதீர்கள். மூன்று கேள்வி போதும். வீடு நடக்கும் தூரத்தில் இருக்கிறதா? உங்களுக்கு ஒழியும் நேரம் அவருக்கும் ஒழிகிறதா? நீங்கள் ஒரு நாள் வரவில்லை என்றால் ‘ஏன் வரலை?’ என்று கேட்பாரா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்றால், முதல் இரண்டையும் சமாளித்துக்கொள்ளலாம்.

தெருவில் நாலு பெண்கள் நடக்கக் கிளம்பினால் ‘எந்த ஊருக்குப் பயணம்?’ என்று திண்ணையிலிருந்து கேலி. கூச்சமாக இருக்கிறது.
*தையல் தொழிலாளி, அறந்தாங்கி*

இந்தக் கேலியை உங்கள் மாவட்டத்துப் பெண்கள் ஏற்கெனவே ஒரு முறை ஜெயித்திருக்கிறார்கள்.

1991-இல் புதுக்கோட்டை ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிவு கற்பித்த பெண்கள் சைக்கிளும் ஓட்டவேண்டும் என்று அவர் நினைத்தார். எழுதப் படிக்கத் தெரிந்தும் அடுத்த ஊருக்குப் போக ஓர் ஆணின் தயவு வேண்டும் என்றால் அந்தப் படிப்பு பாதிதான் என்பது அவர் பார்வை. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், செவிலியர்கள், ஆசிரியைகள் எல்லோரும் கற்றார்கள். சைக்கிள் கற்பதற்கென்றே பாட்டுக் கட்டிப் பாடினார்கள்.

ஆரம்பத்தில் கேலி இல்லாமலா? அசிங்கமான பேச்சுகளே வந்தன. ஆனால் 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு ஊர்வலம் வந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சைக்கிள் கற்றதாக இதழாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை, ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்க அதுவே வசதி என்றும் சொன்னார்கள்.

ஒரு பெண் சைக்கிள் ஓட்டினால் அது வேடிக்கை. ஆயிரம் பெண்கள் ஓட்டினால் அது போக்குவரத்து. நடையும் அப்படித்தான். நாலு பேரும் பதினைந்து நாள் ஒரே நேரத்தில், ஒரே தெருவழியாகப் போங்கள். பதினாறாம் நாள் திண்ணைக்கு வேறு பேச்சு கிடைத்திருக்கும். ஐந்தாவதாக ஒருத்தி, ‘நானும் வரட்டுமா அக்கா?’ என்று கேட்டாலும் கேட்பாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டாளிகளோடு பரோட்டாவும் முட்டை மாஸும். விட்டால் நட்பு போகும், விடாவிட்டால் தொப்பை போகாது. எதை விட?
*அரசு ஊழியர், ஆலங்குடி*

இரண்டையும் விடவேண்டாம், தட்டை மட்டும் மாற்றுங்கள். முட்டை மாஸ் புதுக்கோட்டைக்காரர்களின் பெருமை. எண்ணெயைக் குறைத்துப் போடச் சொன்னால் அதில் தப்பே இல்லை. கவனிக்க வேண்டியது மூன்றாவது பரோட்டா.

நண்பர்களின் பாதிப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் தொடங்கிய நெடுநாள் இதய ஆய்வில் 12,067 பேரின் 32 வருடப் பதிவுகளை நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபவுலரும் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். நண்பர் ஒருவருக்கு உடல்பருமன் வந்தால், மற்றவருக்கும் வரும் வாய்ப்பு 57 சதவீதம் கூடியிருந்தது. கணவன் மனைவிக்குள் அது 37 சதவீதம்தான். ‘இவ்வளவு சாப்பிடுவது சகஜம்’ என்பதை நண்பர்களைப் பார்த்துத்தான் நாம் முடிவு செய்கிறோம். அப்படியானால் ‘இரண்டோடு போதும் மாப்ள’ என்று முதலில் எழுந்திருக்கும் கையும் பரவும். வருகிற வெள்ளிக்கிழமை அது உங்கள் கையாக இருக்கட்டும். கடைக்கு வண்டியை விட்டுவிட்டு நடந்தே போங்கள், எல்லோருமாக.

எடை குறைப்பதற்கென்றே கூடிப்பேசும் பழக்கம் எங்கே தொடங்கியது? நம் பக்கத்தில் உண்டா?
*நூலகர், கீரனூர்*

பெரிய அளவில் பரவியது நியூயார்க்கிலிருந்து. ஜீன் நிடெட்ச் என்ற இல்லத்தரசி நகர சுகாதாரத் துறையின் எடைக் குறைப்பு மருத்துவமனைக்குப் போனார். உணவுமுறை சரியாக இருந்தது. ஆனால் ஒளித்துவைத்துப் பிஸ்கட் தின்பதை அங்கே யாரிடமும் சொல்ல முடியவில்லை. 1961-இல் ஆறு தோழிகளை வீட்டுக்கு அழைத்து, அதைச் சொல்லிவிட்டார். கேட்டவர்கள் தங்கள் ரகசியங்களையும் கொட்டினார்கள். வாராவாரம் கூட்டம் பெருகியது. 1963-இல் அது ‘வெயிட் வாட்சர்ஸ்’ நிறுவனமானது. ஒளித்துத் தின்றதை நாலு பேரிடம் சொல்ல முடிந்ததுதான் அந்தக் கூட்டத்துக்கு உயிர்.

இங்கும் உண்டு. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினரும் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து, எடை கூடி, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 578 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அவர்களில் ஒரு பாதிக்கு வாரம் ஒன்றாகப் பதினாறு குழு வகுப்புகள், பிறகு தொடர் வகுப்புகள், தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரை. மறுபாதிக்கு வழக்கமான அறிவுரை. மூன்று வருடத்தில் வகுப்புக்கு வந்தவர்களிடம் சர்க்கரை நோய் வருவது 32 சதவீதம் குறைந்தது. 2016-இல் வெளியான முடிவு இது. கூடி உட்கார்ந்து பேசுவதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் பதினான்கு பேர். வாரம் ஒரு கூட்டம் கட்டாயம். அங்கேயே இதையும் செய்யலாமா?
*குழுத் தலைவி, கந்தர்வகோட்டை*

இதைவிட நல்ல இடம் கிடைக்காது! 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழு இயக்கம் நமக்குக் கொடுத்த பெரிய சொத்து, வாராவாரம் தவறாமல் கூடும் பழக்கம். அதில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

எடை பார்க்கும் மெஷின் ஒன்றும் தையல் டேப் ஒன்றும் போதும். எடையையும் இடுப்பளவையும் அவரவர் நோட்டில் அவரவரே எழுதட்டும். அதைச் சபையில் வாசிக்கவே கூடாது. சபையில் ஒவ்வொருவரும் சொல்லவேண்டியது இரண்டுதான்: போன வாரம் எத்தனை நாள் நடந்தேன், எங்கே தடுக்கியது. பிள்ளைக்கு டிபன் கட்டும் நேரம் இடிக்கிறது என்று ஒருத்தி சொன்னால், அந்த இருபது நிமிடம் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று அங்கேயே முடிவு செய்யுங்கள். தவணை கட்டாதவர் வீட்டுக்குக் குழு போய் விசாரிப்பதைப் போல, நடக்க வராதவர் வீட்டுக்கும் அன்றைக்கே ஒருவர் போய்வர வேண்டும். அபராதம் மட்டும் வேண்டாம். அபராதத்துக்குப் பயந்தவர் அடுத்த கூட்டத்துக்கே வரமாட்டார். வடை, மிக்சருக்குப் பதில் சுண்டல் வையுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண் தன்னார்வலர்கள் உங்களைப் போன்ற குழுக்களிலிருந்து வந்தவர்கள்தான். மாதம் ஒரு கூட்டத்துக்கு உங்கள் ஊர்த் தன்னார்வலரையும் அழையுங்கள்.

நாள் முழுக்க வேலை செய்கிறேன். எனக்கும் எடை ஏறுகிறதே, நான் எதற்கு நடக்க வேண்டும்?
*சத்துணவுப் பணியாளர், பொன்னமராவதி*

உங்கள் உழைப்பைக் குறைத்து மதிப்பிட்டு யாராவது நடக்கச் சொன்னால் அவர் சொன்னது தப்பு. ஆனால் நின்ற இடத்தில் செய்யும் வேலை உடம்பை அலுப்பாக்கும் அளவுக்கு மூச்சை வேகமாக்குவதில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு சற்று வாங்குமளவு நடை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதாவது அரை மணி வீதம் ஐந்து நாள்.

இன்னொரு காரணம் தட்டில் இருக்கிறது. மூன்று வேளையும் அரிசி, கூடவே கொஞ்சம் குழம்பு. நீங்கள் மட்டுமல்ல, தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் எடை கூடியவர்கள் 2015-16-இல் 30.9 சதவீதம், அடுத்த ஆய்வில் 40.4 சதவீதம். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் பயறோ முட்டையோ காயோ வையுங்கள். நாலு குடும்பம் சேர்ந்து பயறை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் செலவும் குறையும். வரகு, கேழ்வரகு நல்லதுதான். ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். அளவில்லாமல் தின்றால் அதுவும் எடையாகும்.

சரியான எடை எது?
*பேருந்து நடத்துநர், விராலிமலை*

எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுங்கள். நம் நாட்டவருக்கு 23-ஐத் தாண்டினால் எடை கூடுதல், 25-ஐத் தாண்டினால் உடல்பருமன். மெஷின் இல்லையென்றால் டேப்: இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள். உடன் வேலை செய்பவரோடு ஒப்பிடவேண்டாம்; போன மாதத்து உங்களோடு ஒப்பிடுங்கள்.

நண்பர்களுக்குள் பந்தயம் கட்டலாமா? ஒரு மாதத்தில் அதிகக் கிலோ குறைத்தவருக்குப் பரிசு.
*மளிகைக் கடைக்காரர், கறம்பக்குடி*

கிலோவில் பந்தயம் வேண்டாம். கடைசி வாரம் பட்டினி கிடந்து ஜெயித்தவர் மறுவாரம் விருந்தில் தோற்பார். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தாலே போதும். நாட்களில் பந்தயம் கட்டுங்கள்: மாதத்தில் 25 நாள் நடந்த எல்லோருக்கும் பரிசு. ஒருவர் ஜெயிக்க மற்றவர் தோற்கவேண்டியதில்லை என்பதுதான் இந்தப் பந்தயத்தின் அழகு.

கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அங்கே அவருக்கு எடை, இங்கே எனக்கு. தொலைபேசியில் துணையாக இருக்க முடியுமா?
*இல்லத்தரசி, மணமேல்குடி*

தாராளமாக. மேலே சொன்ன ஃபிரேமிங்ஹாம் ஆய்விலேயே, நண்பர்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் ஒருவர் பாதிப்பு மற்றவருக்கு இருந்தது. உங்களுக்குக் காலை ஐந்தரை என்றால் அவருக்கு எட்டு மணி. நீங்கள் நடந்து முடித்ததும் ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். அவர் வேலை முடிந்து நடந்ததும் ஒன்று அனுப்பட்டும். ‘சாப்பிட்டீங்களா?’ என்று தினம் கேட்கிறீர்கள். கூடவே ‘நடந்தீங்களா?’ என்றும் கேளுங்கள். அடுத்த விடுமுறையில் அவர் வரும்போது மணமேல்குடிக் கடற்கரையில் இருவரும் சேர்ந்து நடக்கலாம்.

அத்தை அன்பானவர். அதனால்தான் பிரச்சினை. ‘இன்னும் ஒரு கரண்டி’ என்று வைத்துவிடுவார். மறுத்தால் முகம் வாடுகிறது.
*மருமகள், திருமயம்*

மறுக்காதீர்கள், வேறொன்றைக் கேளுங்கள். ‘அத்தை, நீங்க வைக்கிற வாழைத்தண்டுக் கூட்டு மாதிரி யாராலும் முடியாது, இன்னும் கொஞ்சம் வைங்க’ என்று சொல்லிப் பாருங்கள். பரிமாறும் கைக்கு வேலை வேண்டும். அந்த வேலையைக் காய்ப் பக்கம் திருப்பிவிடுங்கள். பிறகு ஒரு நாள் டாக்டர் சொன்னதை அவரிடம் விளக்கிச் சொல்லி, ‘என்னை நீங்கதான் பார்த்துக்கணும்’ என்று பொறுப்பையே கொடுத்துவிடுங்கள். வீட்டில் அடுப்பைக் கையில் வைத்திருப்பவர் துணைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ரோஷம் வரட்டும் என்று நண்பனை ‘டேய் குண்டா’ என்றுதான் கூப்பிடுகிறேன். பலன் இல்லையே?
*ஆசிரியர், இலுப்பூர்*

பலன் உண்டு, தலைகீழாக. எடையைக் காரணம் காட்டி அவமானப்படுத்தப்பட்டவர்களுக்கு எடை குறைவதில்லை, கூடுகிறது என்றே ஆய்வுகள் சொல்கின்றன. வெட்கப்பட்டவர் மைதானத்துக்கு வருவதில்லை. வீட்டுக்குள் ஒளிந்து சாப்பிடுகிறார். அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ‘நாளைக்கு வர்றியா, நானும் வர்றேன்’ என்று சொல்லுங்கள். வகுப்பிலும் இதையே கடைப்பிடியுங்கள். உங்கள் வாயிலிருந்து விழும் பட்டப்பெயர் அந்தப் பிள்ளையோடு முப்பது வருஷம் இருக்கும்.

ஊரில் ஒரு நிலையம். காலையில் பவுடர் பானம், கைதட்டல், ஊக்கப் பேச்சு. நன்றாகத்தான் இருக்கிறது. மாதம் சில ஆயிரம் ஆகிறது. தொடரலாமா?
*வாசகி, கீரமங்கலம்*

கைதட்டலைத் தொடருங்கள், பவுடரை விடுங்கள். உங்களை எழுப்பி நடக்கவைத்தது அந்தக் கூட்டம். கூட்டத்துக்குக் காசு வேண்டாம். ஊக்கம் கொடுப்பவரே சரக்கும் விற்கிறார் என்றால் ஒரே ஒரு சோதனை: நீங்கள் வாங்குவதை நிறுத்தினால் அவர் உங்கள் வீட்டுக்கு வந்து ‘ஏன் நடக்க வரலை?’ என்று கேட்பாரா? கேட்டால் அவர் துணை. கேட்காவிட்டால் அவர் வியாபாரி. சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த டப்பாவையும் திறக்கவேண்டாம்.

நடக்க நல்ல இடம்?
*வாசகர், ராஜகோபாலபுரம்*

புதுக்குளத்தைச் சுற்றி வாருங்கள். 2023 நவம்பரில் அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையும் உண்டு. மாதம் ஒரு ஞாயிறு குழுவோடு சித்தன்னவாசல் மலையேறலாம்; அடுத்த மாதம் திருமயம் கோட்டை. நம் ஊர் வெயில் தெரியும்தானே, ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

மூன்று மாதத்தில் மற்றவர்களுக்கு நாலைந்து கிலோ குறைந்தது. எனக்கு ஒன்றரைதான். குழுவிலிருந்து விலகிவிடலாம் என்றிருக்கிறேன்.
*செவிலியர், அன்னவாசல்*

விலகாதீர்கள். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்காகவே நடந்தது போலிருக்கிறது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. மெஷினில் தெரியாத பலன் ரத்தத்தில் தெரியும்.

தைராய்டு, பிசிஓடி கோளாறுகளும் ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் எடையைப் பிடித்துவைக்கும் என்பது செவிலியரான உங்களுக்குத் தெரிந்ததுதான். மற்றவர்களை அனுப்பும் பரிசோதனைக்கு நீங்களும் ஒரு முறை போய்வாருங்கள். குழுவில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதிகம் குறைந்தவரைப் பாராட்டும் நேரத்தில், ஒரு நாளும் தவறாமல் வந்தவரையும் எழுப்பி நிறுத்திப் பாராட்டுங்கள்.

ஒன்பது கிலோ குறைத்துவிட்டேன். நினைத்த எடைக்கு வந்தாயிற்று. இனி குழு எதற்கு?
*மின்வாரிய ஊழியர், புதுக்கோட்டை*

வாழ்த்துகள்! இனிதான் குழு வேண்டும். எடை குறைந்ததும் உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஏறுகின்றன. போதும் என்று சொல்பவை இறங்குகின்றன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், எடை குறைத்து ஒரு வருடம் கழித்தும் இந்த மாற்றம் நீடித்தது. குறைத்தவர்களுக்கு மறுபடி ஏறுவது சோம்பலால் அல்ல, உடம்பே இழுக்கிறது. அந்த இழுப்புக்கு எதிரே ஒரு கூட்டம் நிற்க வேண்டும்.

ஒன்று மட்டும் மாறும். இதுவரை உங்களுக்காக ஒருவர் தெருமுனையில் காத்திருந்தார். இனி நீங்கள் ஒருவருக்காகக் காத்திருங்கள். அலுவலகத்தில் மாடிப்படியேறி மூச்சு வாங்குபவர் ஒருவர் இருப்பார். அறிவுரை சொல்லாதீர்கள், உங்கள் பழைய படத்தையும் காட்டாதீர்கள். எந்த இடம், எத்தனை மணி என்று மட்டும் சொல்லுங்கள். முதல் மூன்று நாள் அவர் வராவிட்டால், நாலாம் நாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.